மஞ்சள் கால்கள்

பூந்தமல்லிக்கு வெளியே பிராய்லர் கொட்டகை போட்ட நாள் முதல் எனக்குத் தீவனம் வந்தது ஒரே இடத்திலிருந்துதான்: கரையான்சாவடியில் என் பள்ளித் தோழன் நடத்தும் அரவை மில். பாதிக்கு மேல் மக்காச்சோளம், மீதி சோயாப் பிண்ணாக்கு, கொஞ்சம் தாது உப்பு. இந்தக் கலவையை நாங்கள் இருவரும் உட்கார்ந்து முடிவு செய்தோம். ஓடியாடும் தெம்புக்குச் சோளம், சதைக்குச் சோயா. சோளத்தில் குறை வைக்கவில்லை என்பதற்கு நான் நம்பிய அடையாளம் கோழியின் கால். மஞ்சள் சோளம் தின்றால் கால் மஞ்சளாகும். அதை அவனுக்குச் சொன்னவனும் நான்தான்.

மூட்டை இறக்கும்போதெல்லாம் கேட்பான்: "இன்னா மாமே, காலு மஞ்சளா கீதா?"

"கீது, கீது" என்பேன். இருவரும் சிரிப்போம்.

போன மழைக்காலத்தில் எடை ஏறவில்லை. ஞாயிறுதோறும் நிறுத்துப் பார்ப்பவன் நான். கோழிகள் வயதுக்கு மிகவும் பின்தங்கியிருந்தன, ஆனால் கால்கள் பளீரென்ற மஞ்சள். அதனால் தீவனத்தின் மேல் சந்தேகமே வரவில்லை. தண்ணீர்த் தொட்டியைத் தேய்த்துக் கழுவினேன். குஞ்சு விற்றவரோடு சண்டை போட்டேன். தராசையும் மாற்றினேன்.

"தராச மாத்தினா கோழி கொழுக்குமா?" என்றாள் மனைவி. "தீவனத்த மோந்து பாருங்க. அடிபிடிச்ச கஞ்சி மாதிரி அடிக்குது."

"அவன் அப்படியெல்லாம் செய்ய மாட்டான்" என்றேன்.

இருந்தாலும் மறுநாள் சொல்லாமல் கொள்ளாமல் மில்லுக்குப் போனேன். வழக்கமாகச் சோளம் குவிந்திருக்கும் மூலையில் காப்பித்தூள் நிறத்தில் ஒரு குவியல். சோளத்திலிருந்து பெட்ரோலில் கலக்கும் எரிசாராயம் எடுத்தபின் மிஞ்சும் சக்கை, உலர்த்தியது. அது விஷமில்லை. புரதம்கூடச் சோளத்தைவிட அதிகம். ஆனால் மாவுச்சத்து போய்விட்டது. சதை வைக்கத் தேவையான லைசின் என்ற புரதக்கூறு அதில் ஏற்கெனவே குறைவு. சூட்டில் கருக உலர்த்தினால் இருப்பதும் வீணாகிவிடும். அளவாகச் சேர்த்து, குறையை ஈடுகட்டினால் கோழி வளரும். அவன் சேர்த்தது அளவாக இல்லை.

பக்கத்தில் வாய் பிரித்த இன்னொரு மூட்டை. ஸ்டார்ச் ஆலையிலிருந்து வரும் சோளப் புரதத்தூள், மஞ்சள் கிழங்குப்பொடி போல. கொஞ்சம் தூவினால் போதும், சோளம் குறைந்தாலும் கால் மஞ்சளாகவே இருக்கும்.

அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். சக்கை எல்லாருக்கும் போயிருக்கலாம். இந்தத் தூள் எனக்காக மட்டும் வாங்கியது.

"சோளம் எங்க மாமே கெடைக்குது? எல்லாம் சாராயத்துக்குப் போவுது" என்றான் பின்னால் வந்து நின்ற தோழன். "சொன்னா நீ வேற மில்லுக்குப் பூடுவ."

"சொல்லியிருந்தா ரெண்டு பேரும் உக்காந்து கலவைய மாத்தியிருப்போமே. இந்த மஞ்சத்தூள் எதுக்கு?"

"காலு மஞ்சளா இருந்தா போதும்னு நீதான சொன்ன?"

அன்றோடு அவனிடம் தீவனம் வாங்குவதை நிறுத்தினேன்.

அந்தக் கோழிகளை எடுக்க மேனாம்பேட்டிலிருந்து கறிக்கடைக்காரர் வந்தார். ஒன்றைத் தலைகீழாகத் தூக்கிக் காலைப் பார்த்தார்.

"காலு சூப்பரா கீது அண்ணாத்தே. நல்லா சோளம் போட்டுகீற."

"காலைப் பாக்காதீங்க" என்றேன். "மாரைத் தொட்டுப் பாருங்க."

அவர் விரல் வைத்தார். நெஞ்செலும்பு கூராக முட்டியது. கோழியைக் கூண்டுக்குள் விட்டார்.