வேலியோரத்து அருகம்புல்

முனியாயி எதையும் முகர்ந்து பார்க்காமல் வாய்க்குக் கொண்டுபோக மாட்டாள். பாக்கெட் பாலை முகர்வாள், கடையில் வாங்கிய தோசை மாவை முகர்வாள். கோயிலில் கொடுக்கிற பொங்கலைக்கூடப் பூசாரி அந்தப் பக்கம் திரும்பியதும் ஒருமுறை மூக்கருகே கொண்டுபோய்விட்டுத்தான் தின்பாள். புக்கிட் ரம்பாயில் அவள் வசிக்கும் தாமான் குடியிருப்பில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கல்யாணப் பந்தியில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார நேர்ந்தவர்கள் தங்கள் இலையையும் ஒருமுறை குனிந்து பார்த்துக்கொள்வார்கள்.

இந்தப் பழக்கம் சும்மா வந்ததில்லை. ஜாசின் பக்கத்துச் செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் இளவயது முழுக்க மருந்தடிக்கும் கும்பலில் இருந்தவள் அவள். முதுகில் மருந்துப் பம்பைச் சுமந்துகொண்டு, மரத்தடியில் முளைக்கும் புல்லையும் பூண்டையும் கொல்வதுதான் வேலை. ஒருநாள் யாரோ மீந்துபோன களைக்கொல்லியைக் குளிர்பானப் போத்தலில் ஊற்றி, குடிதண்ணீர்ப் போத்தல்களோடு வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். வெயிலில் களைத்து வந்த கூட்டாளி ஒருத்தி அதை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டாள். அவளை லாரியில் ஏற்றிக்கொண்டு போனதை முனியாயி பார்த்தாள். திரும்பி வந்ததைப் பார்க்கவில்லை. போத்தலை வைத்தது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. எல்லோரும் எல்லோரையும் ஒரு மாதிரியாகப் பார்த்ததோடு சரி. அன்றைக்கு ஆரம்பித்ததுதான் இந்த மூக்கு வேலை. அதோடு ஆட்களையும் முகர்ந்து பார்க்கிற குணம் ஒட்டிக்கொண்டது.

அந்த மூக்குக்கு வேலை இல்லாத வீடு ஒன்றே ஒன்றுதான். பக்கத்து வீட்டுப் பாக்கியலட்சுமி வீடு. பள்ளிக்கூட ஆபீசில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவள், முனியாயியைவிட மூத்தவள். முனியாயி குடிவந்த அன்று லாரியிலிருந்து சாமான் இறங்கிக்கொண்டிருந்தபோதே வேலிக்கு மேலாக ஒரு கிளாஸ் காப்பியை நீட்டினாள். முனியாயி இருந்த தாகத்தில் முகர மறந்து குடித்துவிட்டாள். காலி கிளாஸைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் அது அவளுக்கே உறைத்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டுக் காப்பியை அவள் முகர்ந்ததில்லை. புருஷன் நல்லமுத்து போய்ச் சேர்ந்தபின், மகள் ராகினியும் ஃபேக்டரிக்கு ஷிப்டு போய்விட்டால், முனியாயிக்கு நாலு வார்த்தை பேச இருந்தது அந்த ஒரு வீடுதான்.

முனியாயியின் வீடு கார்னர் லோட், வரிசையின் கடைசி வீடு, பக்கவாட்டிலும் கொஞ்சம் மண் உண்டு. அந்தத் தாமானில் கொஞ்சம் மண் கிடைத்தாலும் சிமெண்டு போட்டுக் காரை நிறுத்திவிடுவார்கள். பாக்கியம் வீட்டு முற்றமும் கேட்டிலிருந்து வாசல்வரை வழவழவென்று டைல்தான். முனியாயி மட்டும் அடம்பிடித்துப் பிலிப்பீன் புல் போட்டாள். சதுரம் சதுரமாக லாரியில் வந்த புல்லை மணல் பரப்பிய மண்ணில் இடுக்கு விழாமல் ஒட்டவைத்து, பலகையால் தட்டித் தட்டிப் பதித்தாள். தண்ணீர் காலையில் மட்டும்தான். சாயங்காலம் ஊற்றி ராத்திரி முழுக்க ஈரம் நின்றால் பூஞ்சை பிடிக்கும். வெட்டும்போது மொட்டையடிக்க விடமாட்டாள். மண்ணில் வெயில் விழுந்தால் களை விதை கண் விழித்துவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

“காலம் பூரா புல்லக் கொன்ன பாவத்துக்கு இப்ப வளர்த்துக் கழிக்குது” என்று பாக்கியத்தின் புருஷன் பிச்சைமுத்து கேலி செய்வார். முனியாயிக்கு அதில் கோபம் வராது. அந்தப் புல்லைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குப் பெருமையாக இருக்கும். தோட்டத்தில் ஏக்கர் கணக்கில் நடந்தவளுக்குத் தன்னுடையது என்று கிடைத்த முதல் பச்சை அதுதான்.

அந்தப் பச்சையில்தான் அருகம்புல் வந்து சேர்ந்தது.

லாலான் புல் வந்திருந்தால் தோண்டி எடுத்திருப்பாள். கோரை வந்தால் கிழங்கோடு பிடுங்குவாள். அருகம்புல் அப்படியில்லை. இழுத்தால் கயிறு மாதிரி வரும், பாதியில் அறுந்துவிடும், விட்டுப்போன ஒவ்வொரு கணுவிலிருந்தும் மறுபடி கிளம்பும். பிலிப்பீன் புல்லின் மெத்தைக்குள் அதன் வெளிறிய கொடிகள் ஓடுவதைப் பார்க்கும்போது அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பிடுங்கியதைக் குப்பையில் போடவும் மனம் வரவில்லை, என்ன இருந்தாலும் அது பிள்ளையாருக்குச் சாத்துகிற புல். வெள்ளிக்கிழமைதோறும் சாமி படத்திலிருந்து கழற்றும் பழைய மாலையை, கால் படாத இடமாக, வேலி மூலையில் நிற்கும் செம்பருத்தியின் தூரில் போடுவது அவள் வழக்கம். பிடுங்கியதையும் அங்கேயே போட்டாள்.

தானாக வந்த புல் என்று நம்ப அவள் என்ன பச்சைப்பிள்ளையா? யாரோ கொண்டுவந்து விடுகிறார்கள். முதலில் புல் விற்ற லாரிக்காரன் மேல் சந்தேகம் வந்தது. போன் போட்டு அவனை ஒரு பிடி பிடித்தாள். அடுத்து சாலையோரம் புல் வெட்டும் ஆட்கள். அவர்கள் வரும் நாளில் கேட்டருகே நின்று, மெஷின் தன் பக்கம் திரும்பாதபடி முறைத்துக்கொண்டே இருந்தாள். அதற்குப் பிறகு எதிர்வீட்டு மருதமுத்து. அவர் வளர்க்கும் புறாக்கள் எச்சத்தில் விதை கொண்டுவருகின்றன என்று அவர் முகத்துக்கு நேராகவே சொன்னாள். அவர் அதற்குப் பிறகு கோயிலில்கூட அவளைப் பார்த்துச் சிரிப்பதில்லை.

“மா, இது புல்லு லா. புல்லுக்கு யாரு கேஸ் போடுவா?” என்றாள் ராகினி.

“உனக்குத் தெரியாது. போன வருஷம் கருவேப்பிலைக் கிளைய ஒடிச்சாங்கள்ள, அதே ஆளுங்கதான்.”

“அதுக்குத்தான் வரிசையா எல்லா வீட்டு வாசல்லயும் போயி நின்னு கேட்டியே. போதும்மா. மானம் போகுது.”

ராகினி சொன்னது முனியாயியின் காதில் ஏறவில்லை. அவள் புல் எங்கே அதிகம் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். சாலைப் பக்கம் கொஞ்சம், நடுவில் இன்னும் கொஞ்சம். அடர்த்தியாக மண்டிக் கிடந்தது பாக்கியம் வீட்டு வேலியோரத்தில். அதைப் பார்த்தும் பார்க்காதது போல எழுந்து கை கழுவிக்கொண்டாள். அந்த நினைப்பு வரவே கூடாது என்று நினைத்தாள். ஆனால் வந்துவிட்ட நினைப்பை எங்கே பிடுங்கிப் போடுவது?

ஒருநாள் விடியற்காலையில் அடுப்பைப் பற்றவைக்கப் போனவள் ஜன்னல் வழியாக அதைக் கண்ணால் கண்டாள். பாக்கியம் வேலியோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். கம்பி இடுக்கில் அவளுடைய கை முழங்கைவரை முனியாயியின் பக்கம் வந்திருந்தது. என்ன செய்கிறாள் என்று அரை இருட்டில் தெரியவில்லை. ஆனால் இரண்டு பக்கமும் திருட்டுத்தனமாகப் பார்த்துவிட்டு எழுந்து உள்ளே போனது தெளிவாகத் தெரிந்தது. டைல் போட்ட வீட்டுக்காரிக்கு அடுத்தவள் பச்சை கண்ணை உறுத்தியிருக்கிறது. கொண்டுவந்து நட்டுவிட்டுப் போகிறாள். யாராக இருந்தாலும் தாங்கிக்கொண்டிருப்பேன், இவளா என்று அன்றைக்கு முழுவதும் உள்ளுக்குள் புலம்பினாள்.

சாயங்காலம் வழக்கம்போல அந்த வீட்டுக்குப் போனாள். போகாமல் இருந்தால் சுதாரித்துக்கொள்வாள் என்ற கணக்கு. பாக்கியம் காப்பி கொடுத்தாள். முனியாயி வாங்கி, தன்னை அறியாமல், கிளாஸை மூக்கருகே கொண்டுபோனாள்.

பாக்கியம் அதைப் பார்த்துவிட்டாள். அடுப்பில் ஏதோ இருப்பதுபோல் உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் முனியாயி இரும்புக்கடைக்குப் போய்க் களைக்கொல்லி வாங்கி வந்தாள். பம்பு வைத்து அடித்தால் பிலிப்பீன் புல்லும் சேர்ந்து செத்துவிடும். அதனால் பெயிண்ட் பிரஷ்ஷில் தோய்த்து, வேலியோரத்து அருகம்புல் இலையில் மட்டும் படும்படி தடவினாள். மாலை வெயில் இறங்கும்வரை உட்கார்ந்து தடவினாள். நடுநடுவே “பிள்ளையாரப்பா, ஒம் புல்லுமேல எனக்குக் கோவமில்ல, கொண்டாந்து வெச்சவ மேலதான்” என்று சொல்லிக்கொண்டாள். இந்த மருந்து உடனே காட்டிக்கொடுக்காது. வேருக்கு இறங்கும்வரை புல் நாலைந்து நாள் பச்சையாகவே நிற்கும். பாக்கியம் தெரியாமல் மறுபடியும் நட வருவாள், கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று அவள் நினைத்தாள்.

விடியும்போதே ஜன்னலோரம் வந்து நின்றாள். பாக்கியம் வந்தாள். கை உள்ளே வந்தது. இந்தத் தடவை முனியாயி தயாராக இருந்தாள், கண்ணை இடுக்கிப் பார்த்தாள். அந்தக் கையில் நடுவதற்கு ஒன்றும் இல்லை. பாக்கியம் நடவில்லை. நுனி நுனியாகப் பறித்து ஒரு கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். கிண்ணம் நிறைந்ததும் உள்ளே போனாள்.

எதற்குப் பறிக்கிறாள் என்று முனியாயி யோசித்து முடிப்பதற்குள் அடுத்த வீட்டு அடுக்களையில் பிளெண்டர் ஓடும் சத்தம் கேட்டது.

பிச்சைமுத்துவுக்கு அந்த வருஷம் கிட்னியில் கோளாறு. அருகம்புல் சாறு வெறும் வயிற்றில் குடித்தால் ரத்தம் சுத்தமாகும் என்று வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய வீடியோவைப் பாக்கியம் ஒருநாள் அவளிடமே காட்டியிருந்தாள். முனியாயிக்கு அது இப்போதுதான் ஞாபகம் வந்தது. தோட்டத்து லாரியும், அதில் கிடந்தவளின் முகமும் சேர்ந்து வந்தன.

செருப்பு போடவில்லை. தன் கேட்டைத் திறந்த ஞாபகமும் இல்லை. பாக்கியம் வீட்டு கேட்டைப் பிடித்து உலுக்கினாள்.

“அக்கா, அண்ணனக் குடிக்க வுடாதீங்க. குடிக்க வுடாதீங்கக்கா.”

பிச்சைமுத்து வாசல் நாற்காலியில் பச்சைச் சாறோடு உட்கார்ந்திருந்தார். கிளாஸ் உதட்டருகே இருந்தது. அவர் புரியாமல் அப்படியே நிறுத்தினார். பாக்கியம் ஓடி வந்தாள்.

“என்னா முனியாயி, என்னா ஆச்சு?”

“புல்லுல மருந்து தடவியிருக்கேன்.”

பாக்கியம் கிளாஸைப் பிடுங்கிச் சாக்கடையில் ஊற்றினாள். பிச்சைமுத்துவின் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள், “ஒரு சொட்டுகூட உள்ள போவல லா” என்று அவர் சொல்லியும் விடாமல் வாய் கொப்பளிக்கவைத்தாள். எல்லாம் முடிந்த பிறகுதான் கேட்டுக்கு வந்தாள். கேட்டைத் திறக்கவில்லை.

“நான் பறிக்கிறத நீ பாத்தியா?”

“பாத்தேங்க்கா. ஆனா நீங்க நடுறீங்கன்னு…”

“பாத்துட்டுத்தான் தடவின.”

“இல்லக்கா. சத்தியமா அப்படியில்ல. சாறுக்குன்னு எனக்குத் தெரியாது. ஒரு வார்த்த கேட்டிருந்தா நான் குடுத்திருக்க மாட்டேனா?”

“எப்படிக் கேப்பேன்? ஒரு கொத்து கருவேப்பிலைக்கு நீ வாசல் வாசலா நின்ன நிப்ப பாத்தவதானே நான். எங் காப்பியவே மோந்து பாக்குற.” பாக்கியம் குரலை உயர்த்தவில்லை. “போ முனியாயி.”

முனியாயி ஆயுசில் பலரை அப்படிச் சந்தேகமாகப் பார்த்திருக்கிறாள். அந்தப் பார்வை தன்மேல் விழுவது இதுதான் முதல் தடவை. இல்லை என்று நிரூபிக்க அவளிடம் ஒன்றுமே இல்லை என்பது அங்கே நிற்கும்போதே புரிந்தது.

அந்த வாரம் வேலியோரம் முழுக்கக் காய்ந்து வைக்கோல் நிறமானது. பாக்கியம் வீட்டு ஜன்னல் திரை விலகவில்லை. வெள்ளிக்கிழமை முனியாயி சாமி படத்துக்குப் புது அருகம்புல் மாலை போட்டு, பழையதைக் கழற்றிக்கொண்டு அந்த வேலியின் மூலையில் நிற்கும் செம்பருத்திக்குப் போனாள். இலைகளை விலக்கிக் குனிந்தவளுக்கு அங்கே பச்சையாக ஏதோ தெரிந்தது. போன வாரத்து மாலை. தூக்கப் பார்த்தாள், வரவில்லை. நூலில் கட்டிய முடிச்சுகள் அப்படியே இருந்தன. ஒவ்வொரு கணுவிலும் வெள்ளை வேர் இறங்கி மண்ணைப் பிடித்திருந்தது. அதற்கு அடியில் முந்தைய வாரங்களின் மாலைகள் கொடியாகி, புல்தரைக்குள் கிளை விட்டிருந்தன.

கோயில் வாசல் பூக்கடையில் வாங்கி, சாமிக்குப் போட்டு, பக்தியோடு கொண்டுவந்து நட்டு, தினமும் காலையில் தண்ணீரும் ஊற்றி வளர்த்தவள் அவளேதான். லாரிக்காரன், மருதமுத்து, புறா, பாக்கியம் என்று வரிசையாக நினைத்துப் பார்த்தாள். வெட்கத்தில் அந்த இடத்தைவிட்டு எழவே முடியவில்லை.

அன்று சாயங்காலமே புது மண்ணைப் போட்டு ஒரு தொட்டியில் அருகம்புல் நட்டாள். மருந்து பட்ட தரையிலிருந்து எடுக்கவில்லை, கடையிலிருந்து புதிதாக வாங்கிய கட்டு. அது தழைத்து வழிகிற வரைக்கும் காத்திருந்தாள். தழைத்ததும் தொட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பாக்கியம் வீட்டு கேட்டில் நின்றாள். செம்பருத்தித் தூரில் கண்டதை ஒன்று விடாமல் சொன்னாள். பாக்கியம் கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

பிறகு கம்பிக்குள் கையை விட்டு நாலு நுனி பறித்தாள். மெதுவாக மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள்.

முனியாயிக்குச் சுரீரென்றது. கோபப்பட அவளுக்கு வழியில்லை. தொட்டியிலிருந்து ஒரு பிடி பறித்து வாயில் போட்டு மென்றாள். நார் நாராக வந்தது, விழுங்கினாள்.

பாக்கியம் கேட்டைத் திறந்தாள்.

“நாளைக்குக் காலையில வா. நீ இருக்கும்போதே அரைக்கிறேன்” என்றாள். “மொத வாய் நீ குடி.”

அன்றிலிருந்து முனியாயி தினமும் விடிந்ததும் பக்கத்து வீட்டுக்குப் போகிறாள். பிளெண்டர் ஓடும், சாறு வடியும், முதல் வாய் அவளுக்கு. பாக்கியம் அது அவள் தொண்டையில் இறங்கும்வரை பார்த்துக்கொண்டு நிற்பாள். அதற்குப் பிறகுதான் கிளாஸ் பிச்சைமுத்துவுக்குப் போகும். கடைசியில் காப்பி வரும். முனியாயி அதை முகராமல் குடிப்பாள், பாக்கியம் அதையும் பார்த்துக்கொண்டிருப்பாள்.