குப்பம்மாவுக்கு வந்த கார்டு

1. வெள்ளிக்கிழமை கடைசி மணி

ஆம்பூரில் ஆண்பிள்ளைகள் மிடில் ஸ்கூல் ஒன்றில் இருபத்தாறு வருஷம் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள், "உங்க அனுபவத்தைச் சொல்லுங்க சார்" என்று கேட்கிறார்கள். பெருமையாகச் சொல்லிக்கொள்ள நாலைந்து சங்கதி உண்டு. அதையெல்லாம் மற்றவர்கள் சொல்லட்டும். சொல்ல வெட்கமாக இருக்கிற ஒன்றை எழுதுகிறேன்.

பெரிய யுத்தத்துக்குக் கொஞ்சம் முந்தி எங்களுக்குப் புது ஹெட்மாஸ்டர் வந்தார். பூகோளம் ஒப்பிக்கிற பையனுக்கு ஒரு பித்தான் தைக்கத் தெரியவில்லையே என்பது அவருடைய மனக்குறை. வெள்ளிக்கிழமை கடைசி மணியை 'நடைமுறைப் பாடம்' என்று ஒதுக்கி என் தலையில் கட்டினார். பித்தான் தைப்பது, லாந்தர் கண்ணாடி துடைப்பது, காயத்துக்குக் கட்டுப் போடுவது, ரயில் டைம்டேபிள் பார்ப்பது எல்லாம் அதில் அடக்கம். முதல் வாரமே ஒரு மகானுபாவன் சட்டைப் பித்தானை வேட்டியோடு சேர்த்துத் தைத்துவிட்டு, எழுந்திருக்க முடியாமல் முழித்தான். வேண்டாவெறுப்பாக ஏற்ற வகுப்பு எனக்குப் பிடித்துப்போயிற்று.

கடிதம் படிப்பதும் அந்தப் பாடத்தில் ஒன்று. எங்கள் பையன்களில் பாதிப் பேரின் தாய் தகப்பன் டேனரியில் தோல் வேலை செய்கிறவர்கள், எழுத்து வாசனை இல்லாதவர்கள். வீட்டுக்கு ஒரு கார்டு வந்தால் படிக்க ஆள் தேடித் தெருத் தெருவாக அலைவார்கள். "இனிமே உங்க வீட்டுக் கார்டை நீங்களே படிங்கடா. பழைய கார்டு இருந்தா எடுத்துட்டு வாங்க, இங்கே பழகலாம்" என்றேன். நல்ல யோசனைதான், இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

2. சபாஷ் வாங்கிய ரீடிங்

ஏழுமலை முதல் பாரம், அதாவது ஆறாம் வகுப்பு, படித்தான். தகப்பன் இல்லை. தாய் குப்பம்மா டேனரியில் தோல் பதனிட ஆவாரம்பட்டை இடித்து அவனைப் படிக்க வைத்தாள். வெண்கல மணி மாதிரி குரல் அவனுக்கு.

ஒரு சமயம், அடுத்த வாரம் பள்ளிக்கூடத்தைச் சோதிக்க இன்ஸ்பெக்டர் வருவதாக இருந்தது. அவர் வந்தால் முதலில் ரீடிங்தான் கேட்பார். ரீடிங் என்றால் அந்தக் காலத்தில் உச்சரிப்பு, நிறுத்தம், குரல் இந்த மூன்றுதான். விஷயம் என்ன என்று அவரும் கேட்க மாட்டார், நாங்களும் கேட்க மாட்டோம்.

அந்த வெள்ளிக்கிழமை ஏழுமலை ஒரு கார்டு கொண்டுவந்தான். ஒடுகத்தூரிலிருந்து அவன் மாமன் எழுதியது. "தங்கை குப்பம்மாளுக்கு அண்ணன் எழுதிக்கொண்டது. இவ்விடம் யாவரும் க்ஷேமம். அவ்விடம் உங்கள் க்ஷேமத்துக்கு எழுதவும். நிற்க. அம்மாவுக்குப் பத்து நாளாய் ஜுரம். உன்னைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. கார்டு கண்டதும் புறப்பட்டு வரவும்." வீடு பற்றி எரிந்தாலும் யாவரும் க்ஷேமம் என்று தொடங்குவதுதானே நம் ஜனங்களின் வழக்கம்.

"'நிற்க'ன்னு சொன்னா நிக்கணும்டா, ஏண்டா ஓடுறே?" என்று மூன்று தடவை படிக்க வைத்தேன். மூன்றாம் தடவை அற்புதமாகப் படித்தான். "சபாஷ்!" என்றேன். பையன்கள் கை தட்டினார்கள். கார்டை வாங்கி என் மேஜைக்குள் வைத்துக்கொண்டேன்.

"சார், கார்டு..." என்று நின்றான்.

"இன்ஸ்பெக்டர் முன்னாடி நீ இதைத்தான்டா படிக்கப் போறே. அது வரைக்கும் என்கிட்டயே இருக்கட்டும்."

"அம்மா கேக்கும் சார்."

"இன்னா எழுதியிருக்குன்னு வாயாலே சொல்லு, போ."

பழைய கார்டு என்று நினைத்துவிட்டேன். தபால் முத்திரையில் தேதி பார்ப்பது எப்படி என்று அதே பையன்களுக்குப் பாடம் நடத்தியவன் நான். அந்தக் கார்டைத் திருப்பிப் பார்க்கவில்லை. அது அன்று காலையில்தான் வந்திருந்தது.

வீட்டில் குப்பம்மா கேட்டிருக்கிறாள். "யாவரும் க்ஷேமமாம்மா" என்று சொல்லிவிட்டு விளையாட ஓடியிருக்கிறான். பதினோரு வயசுப் பையன். குரலையும் நிறுத்தத்தையும் பிடித்துக்கொண்டு ஓடினவனுக்கு விஷயம் எங்கே ஏறும்? எதிரே உட்கார்ந்து மூன்று தடவை கேட்ட எனக்கே ஏறவில்லையே!

புதன்கிழமை இன்ஸ்பெக்டர் வந்தார். ஏழுமலை அதையே நாலாம் தடவை படித்தான். அவர் "வெரி குட்" என்றார். ஹெட்மாஸ்டர் என் முதுகில் தட்டினார்.

3. இரண்டாவது கார்டு

மறுநாள் மத்தியானம் குப்பம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். முழங்கை வரை பட்டைத் தூள். கையில் ஒரு கார்டு.

"ஏழுமலையக் கூப்புடுங்க வாத்தியாரய்யா. கார்டு வந்துருக்கு, படிக்கணும்."

"குடும்மா, நானே படிக்கிறேன்" என்று வாங்கினேன். அதில் க்ஷேமம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அம்மா காலமாகிவிட்டது, கடைசி வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது, போன கார்டுக்கு நீ ஏன் வரவில்லை என்று எழுதியிருந்தது. பாதியில் நிறுத்திவிட்டேன். மீதியையும் படிக்கச் சொன்னாள். படித்தேன்.

"எம்மா!" என்று அங்கேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். சத்தம் கேட்டு ஏழுமலை ஓடிவந்தான். ஹெட்மாஸ்டரும் வந்துவிட்டார்.

"டேய், போன கார்டுல எல்லாரும் க்ஷேமம்னு தானேடா சொன்னே? எங்கடா அந்தக் கார்டு?"

அவன் என்னைப் பார்த்தான். கார்டு பத்தடி தூரத்தில் என் மேஜைக்குள் இருந்தது.

"தொலைச்சிட்டேம்மா" என்றான்.

"பாவி! எங்கம்மா மொகத்தப் பாக்க வுடாம பண்ணிட்டியேடா! இதுக்காடா உன்னைப் படிக்கப் போட்டேன்?" பட்டைத் தூள் படிந்த கையால் முகத்திலும் முதுகிலும் அடித்தாள். அவன் அழாமல் நின்றான்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "விடும்மா, சின்னப் பையன், தெரியாம பண்ணிட்டான்" என்றேன். ஹெட்மாஸ்டர் பக்கத்தில் நிற்கிறார், முந்தின நாள் கிடைத்த நல்ல பேர் போய்விடுமே என்ற பயம். வேறு ஒரு காரணமும் இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அவனைப் படிக்க எழுப்பினேன். எழுந்து, "எனக்குப் படிக்க வராது சார்" என்றான். வகுப்பு சிரித்தது. வருஷக் கடைசி வரை எப்போது எழுப்பினாலும் அதையே சொன்னான். பிறகு தாயோடு டேனரி வேலைக்குப் போய்விட்டான்.

அதற்கப்புறம் எந்தப் பையன் எதைப் படித்தாலும், யார் எழுதினது, எப்போ எழுதினது, இன்னா கேக்குறாங்க என்று கேட்டுவிட்டுத்தான் உச்சரிப்பைத் திருத்தினேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். இது சுலபமான பாடம். உங்கள் தப்புக்குப் பையன் அடி வாங்கும்போது வாயைத் திறப்பதுதான் கஷ்டமான பாடம். அதில் நான் தேறவில்லை.

குப்பம்மா அதற்குப் பின் எத்தனையோ தடவை பஜாரில் எதிர்ப்பட்டாள். ஒவ்வொரு தடவையும் ஒதுங்கி நின்று, "கும்புடுறேன் வாத்தியாரய்யா" என்பாள். நன்றாக இரும்மா என்று சொல்லிவிட்டுப் போவேன். போன மாசம் அவள் செத்துப்போனாள். தன் பிள்ளைதான் கார்டைத் தொலைத்தான் என்று நம்பியே போய்விட்டாள்.