ஆணி அடிக்கக்கூடாத கந்தோர்

கமலாசனி தபாலதிபராக வந்த அந்தச் சிறிய ஊரில் கட்டடமென்று சொல்லத்தக்கது தபால் கந்தோர் ஒன்றுதான். வெள்ளைக்காரன் காலத்துச் சுண்ணாம்புச் சுவர். அதன் தடிப்பில் ஒரு ஆள் சம்மணம் கட்டி இருக்கலாம். வைகாசி வெயிலிலும் உள்ளே குளிர்ச்சியாக இருக்கும். உடம்பெல்லாம் ஷெல் கொத்திய தழும்போடு சண்டையையும் தாண்டி நின்றுவிட்டது. குறை ஒன்றே ஒன்று. கட்டியவன் மலசலகூடத்தை மறந்துவிட்டான்.

அதனால் காலையில் ஒட்டுசுட்டானில் பஸ் ஏறினால், வேலை முடியும்வரை கமலாசனி தண்ணீர்ப் போத்தலைத் திரும்பியும் பார்க்கமாட்டார். முடியாத கட்டத்தில் கந்தோரைப் பூட்டிவிட்டு முன்வீட்டு மீனம்மாவிடம் ஓடுவார். மீனம்மா சும்மா விடுவாரா?

"வந்ததுதான் வந்தீங்க, ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போங்க மிஸ்."

அந்த ஒரு வாய் டீதான் அடுத்த ஓட்டத்துக்கு அத்திவாரம். கந்தோர் பூட்டிக் கிடந்தால் ஊர்ச்சனம் நேரே மீனம்மா வீட்டு மாமரத்தடிக்கு வந்துவிடும். முத்திரை விற்பதும் பதிவுத் தபாலுக்குக் கையெழுத்து வாங்குவதும் அங்கேயே நடக்கும்.

கடைசியில் வவுனியா டொக்டர் ஏசினார்: "இப்பிடித் தண்ணி குடிக்காமல் இருந்தா கிட்னி பழுதாப்போகும், அம்மா." கமலாசனி மேலிடத்துக்கு எழுதி எழுதி, மலசலகூடத்துக்கான அனுமதி கைக்கு எட்டும் நேரத்தில் மயில்வாகனம் மாஸ்டர் குறுக்கே வந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியர், கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவர். கட்டடத்தை மரபுரிமைச் சின்னமாகப் பதியும்படி அவர் விண்ணப்பித்திருந்தார். பார்வையிட அதிகாரி வருகிறாராம்.

"பதிஞ்சா அதில ஒரு ஆணிகூட அடிக்கேலாது, பிள்ளை!" என்றார் பெருமையோடு.

"அப்ப கக்கூசு, மாஸ்டர்?"

"ஆணியே அடிக்கேலாதெண்டுறன், நீர் கக்கூசு எண்டுறீர்."

அதிகாரி பிரதாபன் வந்தார். ஒல்லியான இளைஞர், கழுத்தில் கமரா. ஊரில் பாதி வாசலில் நின்றது. கட்டடம் ஒன்றுக்கும் உதவாது என்று அவரை நம்பவைத்துவிடுவதுதான் கமலாசனியின் முதல் திட்டம்.

"ஓட்டுக்குள்ள முழுக்க வௌவால், சேர்."

"நல்லது. பழைய கூரை அப்பிடியே இருக்கு."

"சுவரெல்லாம் ஷெல் பட்ட ஓட்டை."

"அதுதானே அம்மா வரலாறு!"

"இந்தக் கதவைப் பூட்டுறதெண்டா தோளால இடிக்கவேணும்."

"முதிரை மரக் கதவெல்லோ!" பிரதாபன் அதைக் கன்றுக்குட்டியைப் போலத் தடவிக்கொடுத்தார்.

குறை சொல்லச் சொல்லக் கட்டடத்தின் மதிப்பு ஏறியது. மாஸ்டரின் நெஞ்சும் கூடவே நிமிர்ந்தது.

கமலாசனி இரண்டாவது திட்டத்துக்கு மாறினார். வன்னியில் விருந்தாளியாகப் போனவர், கொடுத்ததை வேண்டாமென்று சொல்லித் தப்ப முடியாது. முதலில் இளநீர் வந்தது. பிறகு மோர். பிறகு சோடா. அதன் மேல் தேநீர். சூது தெரியாத மாஸ்டர், "குடியும் தம்பி, வெயிலெல்லோ" என்று தன் கையாலேயே ஊற்றிக் கொடுத்தார். மீனம்மாவோடு முன்கூட்டியே கதைத்தாயிற்று: இன்றைக்குப் படலையைப் பூட்டிவிட்டுச் சத்தமில்லாமல் உள்ளே இருக்கவேண்டும்.

சுவரை அளந்துகொண்டிருந்த பிரதாபன் கால் மாற்றிக் கால் வைத்தார்.

"இங்க... பாத்ரூம் எங்க?"

மாஸ்டர் கூரையில் வௌவால்களைத் தேடினார்.

"இல்லை, சேர்," என்றார் கமலாசனி. அந்தச் சொல்லை அவ்வளவு இனிமையாக அவர் ஒருநாளும் சொன்னதில்லை. "பின்னால காடுதான். யானை நிக்குதோ எண்டு மட்டும் பாத்துப் போங்கோ."

முன்வீட்டு யன்னல் இடுக்கால் பார்த்துக்கொண்டிருந்த மீனம்மாவுக்கு மனம் கேட்கவில்லை. படலை திறந்தது. "ஐயோ பாவம், இங்கிட்டு வாங்க தம்பி!"

கமலாசனி பல்லைக் கடித்தார். திரும்பி வந்த பிரதாபனின் முகத்தில் உயிர் வந்திருந்தது.

"பக்கத்திலயே நல்ல வசதி இருக்குத்தானே அம்மா. பிறகென்ன?"

"அதைத்தான் நானும் சொல்லுறனான்," என்றார் மாஸ்டர். அதுவரை அவர் அப்படி ஒரு சொல்லும் சொன்னதில்லை.

செய்த பிழை அப்போதுதான் மீனம்மாவுக்கு உறைத்தது. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னே வந்தார்.

"அப்ப என் கக்கூசையும் சேர்த்துப் பதிஞ்சிடுங்க ஐயா. போஸ்ட் ஆபீசுக்கு அதுதானே கக்கூசு. நானும் அதுல ஒரு ஆணி அடிக்க விடமாட்டேன். ஆனா ஒண்ணு, நாளைக்கு நான் மக வீட்டுக்குப் போயிட்டா உங்க மரபுரிமைய யாரு தொறந்து விடுறது?"

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. பிரதாபன் மட்டும் சிரிக்கவில்லை; பூட்டிய படலை திறக்கும்வரை சற்றுமுன் தவித்து நின்றவர் அவர்.

"கட்டடம் இருக்கட்டும், சேர்," என்றார் கமலாசனி. "எனக்கும் இதில விருப்பம்தான். ஆனா உள்ளுக்கு இருக்கிற ஆளும் இருக்கவேணுமெல்லோ? டொக்டர் தண்ணி குடியெண்டுறார். நான் பயத்தில குடிக்கிறேல்லை."

பிரதாபன் பேனையை எடுத்தார். "சுவரில முட்டாமல், வளவுக்குப் பின்பக்கம் தனியாக் கட்டலாம். நான் சிபாரிசு செய்யிறன்."

"ஓடு போட்டு, பழைய பாணியில?" என்று மாஸ்டர் ஆவலோடு கேட்டார்.

"போடலாம், சேர்."

கமலாசனி எட்டிப் பார்த்தார். "தண்ணி வசதியோட எண்டும் எழுதுங்கோ. இல்லாட்டி வெறுஞ் சுவரைக் கட்டிப்போட்டுப் போயிடுவினம்."

எழுதினார்.

"தண்ணி டாங்கியும்."

அதையும் எழுதினார். மாஸ்டர் இதற்குள் வேறு உலகத்துக்குப் போயிருந்தார்.

"திறப்பு விழாவுக்கு ஆரைக் கூப்பிடலாம், பிள்ளை?"

"முதல்ல கட்டுங்கோ, மாஸ்டர். திறக்கிறதை நான் பாத்துக்கொள்ளுறன்."