தெளிந்த தண்ணீரில் கரைந்திருந்தது

தண்ணீருக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை என்று பதினொரு வருடமாகக் கரும்பலகையில் எழுதிப் போட்டவள் நான். லுணுகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் விஞ்ஞான ஆசிரியை. அந்தத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில், வரிசை அறைகளில் ஒன்றில் பிறந்து, பதுளையில் படித்து, தோட்டத்துக்கே வேலைக்குத் திரும்பியவள். அந்த மூன்று வரியைப் பிள்ளைகள் கொப்பியில் எழுதி முடித்தால் எனக்குத் தண்ணீர்ப் பாடம் முடிந்தது. தண்ணீருக்கு என்னவெல்லாம் இல்லை என்று சொன்னேனே தவிர, அது என்ன செய்யும் என்று ஒரு நாளும் சொல்லிக்கொடுத்ததில்லை.

என் தங்கை அதே தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். அவளுக்குப் பெண் குழந்தை பிறந்து மூன்றாம் மாதம் கடும் காய்ச்சல் வந்து தாய்ப்பால் நின்றுவிட்டது. பால்மாவுக்கு மாறினாள். அடுத்த மாதம் வேலைக்குப் போகத் தொடங்கினாள். குழந்தை பகலில், தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில், ஆயா பொறுப்பில். தண்ணீர், மேலிருந்து ஊற்று நீர் வந்து விழும் லயத்துப் பீலியிலிருந்து. நான்தான் படித்தவள் என்ற மிதப்பில் புத்தி சொன்னேன்:

"சும்மா சூடு பண்ணி ஊத்தாத. நல்லா கொதிக்கட்டும். எவ்வளவு நேரம் கொதிக்குதோ அவ்வளவு நல்லது."

அவள் என் பேச்சைத் தட்டமாட்டாள். விடியற்காலையில் கேத்தலை அடுப்பில் ஏற்றினால், வேலைக்குப் பெரட்டில் பேர் கொடுக்கக் கிளம்பும்வரை அது கொதித்துக்கொண்டே கிடக்கும். பாதியாக வற்றிய அந்தத் தண்ணீரைத்தான் போத்தலில் ஊற்றிக்கொண்டு போவாள்.

ஒரு மத்தியானம் ஆயா பாடசாலைக்கே ஓடி வந்துவிட்டார். "டீச்சர், பாப்பா உதடெல்லாம் ஊதா கலரா இருக்கு. அழக்கூட மாட்டேங்குது."

லுணுகலை ஆஸ்பத்திரியில் காட்டி, அங்கிருந்து ஆம்புலன்ஸில் பதுளைக்குப் போனோம். குழந்தையின் நகக்கண்கூட நீலம் பாரித்திருந்தது. எடுத்த இரத்தம் சிவப்பாக இல்லை. பழைய கோப்பிச் சாயம்போல இருந்தது. யாழ்ப்பாணத்து டொக்டர் ஒருவர், இளம் பெண், அதைப் பார்த்த உடனே தங்கையிடம் திரும்பினார்.

"பால்மாவ என்ன தண்ணியில கரைக்கிறனீங்கள்?"

"பீலித் தண்ணிதாங்க. நல்லா காய்ச்சித்தாங்க ஊத்துவேன். ரொம்ப நேரம் கொதிக்கவைப்பேன். அக்கா சொன்னிச்சு."

"பீலிக்கு மேல என்ன இருக்கு?"

"உர ஸ்டோர் இருக்குங்க. கூரத் தகரம் பறந்துபோய் மழ தண்ணி உள்ளதான் விழும்."

டொக்டர் என்னைப் பார்த்தார். "அக்கா நீங்களோ? என்ன வேலை செய்யிறனீங்கள்?"

"சயன்ஸ் டீச்சர்."

அவர் திட்டியிருந்தால் தேவலை. ஊசி போட ஏற்பாடு செய்துவிட்டு வந்து, நிதானமாகத் தங்கையிடம்தான் விளக்கினார். "கொதிக்க வைச்சால் கிருமி சாகும், அம்மா. கரைஞ்ச உரம் சாகாது. தண்ணி வத்த வத்த அது இன்னும் கூடும். பெரியாக்களுக்கு உடன ஒண்டும் தெரியாது. கைக்குழந்தை தாங்காது."

யூரியா உரம் மண்ணில் இறங்கி நைத்திரேற்றாக மாறும். அது ஊற்று நீரில் கரைந்து வரும். குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமந்துபோக முடியாமல் ஆகிவிடும். ஒவ்வொரு துண்டும் எனக்குத் தெரிந்ததுதான். பரீட்சையில் எழுதிப் புள்ளி வாங்கியிருக்கிறேன். வார்டு வாசலில் உட்கார்ந்து அதையெல்லாம் அன்றுதான் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தேன். தண்ணீர் மூலக்கூறு நேராக இல்லை, வளைந்தது. ஒட்சிசன் பக்கம் கொஞ்சம் எதிரேற்றம், ஐதரசன் பக்கம் கொஞ்சம் நேரேற்றம். அதனால் எந்த உப்பு கிடைத்தாலும் அதன் துணிக்கைகளைச் சுற்றி வளைத்துத் தனித்தனியாகப் பிரித்து எடுத்துக்கொண்டு போய்விடும். தேயிலை வேர் மண்ணிலிருந்து உணவை உறிஞ்ச முடிவதும், நம் இரத்தத்தில் சீனியும் உப்பும் ஓடுவதும் அதனால்தான். தண்ணீர் இப்படிக் கரைக்காவிட்டால் உயிரே இல்லை. ஆனால் அதற்கு நல்லது கெட்டது தெரியாது. கிடைத்ததைக் கரைக்கும். கரைத்தது எதையும் வெளியே காட்டாது.

குழந்தைக்கு அடுத்த நாளே நிறம் திரும்பியது. நான்கு நாளில் வீட்டுக்கு வந்தோம். பால்மாவுக்கு இப்போதைக்குக் கடையில் போத்தல் தண்ணீர் வாங்கினோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். தோட்டத்து நலன்புரி அதிகாரி வந்திருந்தார். இஸ்திரி கலையாத சட்டை, கையில் ஒரு காகிதம். பீலித் தண்ணீரைச் சோதித்தாகிவிட்டதாம், கிருமி இல்லையாம்.

"நைத்திரேற்று பாத்தீங்களா சார்?" என்றேன்.

"டீச்சர், தண்ணிய பாருங்க. கண்ணாடி மாதிரி இருக்கு. இதுல என்ன இருக்கப் போவுது? நம்ம ஆளுங்க சுத்தமா இருக்கிறதில்ல, அதான் புள்ளைங்களுக்கு வருத்தம், காய்ச்சல்னு வருது."

எத்தனை வசதியான கண். உர மூட்டை நனைவது அதில் படாது, லயத்துப் பெண்களின் அழுக்கு மட்டும் படும்.

நான் தயாராகத்தான் போயிருந்தேன். மண்டபத்துக்குப் பின்னால் போய் மூன்று தம்ளரில் தண்ணீர் ஊற்றி, ஒன்றை அப்படியே விட்டு, ஒன்றில் உப்பும் ஒன்றில் கைப்பிடி யூரியாவும் போட்டுத் தெளியும்வரை கலக்கினேன். மூன்றையும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன்.

"குடிக்க வேணாம் சார். தொட்டுப் பாத்து, எது நல்ல தண்ணின்னு மட்டும் சொல்லுங்க."

அவர் சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மோந்து பார்த்தார். கடைசித் தம்ளரைக் கையில் எடுத்ததும் முகம் மலர்ந்தது. "இதுதான். ஊத்துத் தண்ணி. தொட்டாலே ஜில்லுன்னு இருக்கே!"

யூரியா கரையும்போது தண்ணீரின் சூட்டை இழுத்துக்கொள்ளும். கொஞ்ச நேரம் தம்ளர் குளிர்ந்திருக்கும்.

"அதுலதான் சார் உரம் இருக்கு."

முதலில் ஆயாதான் சிரித்தார். பிறகு மண்டபமே சிரித்தது. அவர் தம்ளரைத் தரையில் வைத்துவிட்டு, பாடசாலை டீச்சருக்குத் தோட்ட விஷயத்தில் என்ன வேலை என்று கேட்டார். என் தங்கை எழுந்தாள். கூட்டத்தில் அவள் பேசி நான் பார்த்ததில்லை.

"அக்காவ விடுங்க சார். எம் புள்ளைக்கு நான் எந்தத் தண்ணிய குடுக்கணும்? அத சொல்லுங்க."

அவர் தோட்டத்து மேனேஜர் தொரையிடம் பேசுவதாகச் சொல்லிக் கிளம்பினார். அவர் பேசி முடிக்கும்வரை யாரும் காத்திருக்கவில்லை. அடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் லயத்து ஆண்களும் பெண்களும் சேர்ந்து, ஸ்டோருக்கு மேலே காட்டோரத்து ஊற்றிலிருந்து குழாய் இழுத்தார்கள். பள்ளம் தோண்டியதில் என் கையிலும் கொப்புளம் போட்டது. குழாய் வந்தபின் உர மூட்டைகளும் கீழே ரோட்டோரத்துக் கட்டடத்துக்குப் போயின. அதன்பின் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். காட்டோரத்து நீரையும் சோதித்து, கைக்குழந்தைக்கும் கொடுக்கலாம் என்றார். அவரோடு நலன்புரி அதிகாரியும் வந்து, புதுக் குழாயடியில் நின்று படம் எடுத்துக்கொண்டார். தொழிலாளர் சுகாதாரத்துக்குத் தாம் செய்த சேவை என்று அதன் கீழே எழுதிக்கொண்டதாகக் கேள்வி.

சென்ற மாதம் அவருக்குப் பெரகல பக்கம் பெரிய தோட்டத்துக்குப் பதவி உயர்வோடு மாற்றம் கிடைத்தது. பிரியாவிடைக்கு வாழ்த்து மடல் எழுத, நல்ல தமிழ் தெரிந்தவள் என்று என்னிடம்தான் வந்தார்கள். முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்க வேண்டும். கை வலிக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.