சவாதீக்கா என்று கூப்பிட்ட சந்தை

ட்யூஷன் முடிந்து வந்த பஸ், கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைத் தாண்டித் திரும்பியதும் வெள்ளைக் கொடிகள் தெரிந்தன. கடைத்தெருவில் யாரோ இறந்துவிட்டார்கள் என்று மட்டும் விளங்கியது. பழக்கடைத் தாத்தா பல நாளாகப் படுக்கையில் இருந்தார். அவராக இருக்கட்டும் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு இப்போது வெட்கமாக இருக்கிறது. பஸ்ஸை விட்டு இறங்கியபோது பாரூக் நானா தன் செருப்புக் கடையைப் பாதி மூடியிருந்தார். பக்கத்தில் சாவித்திரி அக்காவின் ரெடிமேட் கடை முழுதாக மூடியிருந்தது.

"ஒங்கட அக்கா போய்ட்டா மகள்," என்றார் நானா. "ரெண்டு மணி இருக்கும். அம்மாவும் அங்கதான் நிக்கிறாங்க, போங்க."

எனக்கு உடனே அழுகை வரவில்லை. அந்தத் துண்டு என் அகராதிக்குள் இருக்கிறதே என்றுதான் முதலில் தோன்றியது. அது என்ன துண்டு என்று கீழே எழுதுகிறேன்.

பதினாறாம் நாள் வாசிப்பதற்கு அக்காவைப் பற்றி எழுதித் தரும்படி கடைத்தெருவில் நீங்கள் எல்லோரும் என்னைக் கேட்டீர்கள். உங்களுக்குத் தெரியாத எதை எழுதுவது? அக்காவுக்குப் பெயர்கள் ஞாபகத்தில் நிற்காது. ஆனால் ஒருவரை ஒரு தரம் பார்த்தால் அளவு மறக்காது. அதனால் எல்லோரையும் அளவைச் சொல்லியே கூப்பிடுவார். அம்மா லார்ஜ். நானா டபுள் எக்ஸ்எல். நான் எவ்வளவு வளர்ந்தும் ஸ்மோல். ஓ.எல். பரீட்சையின் கடைசி நாள், "என்ன ஸ்மோல், பேப்பர் டைட்டா லூசா?" என்று தெருவுக்கே கேட்கும்படி சத்தம் போட்டார்.

"எனக்கு ஒரு எக்ஸ கொறச்சிக் கூப்பிடு சாவித்திரி, மானம் போகுது," என்றார் நானா.

"கொறச்சா கிழிஞ்சிரும் நானா."

பொருந்தாத உடுப்பை அவர் விற்றதே இல்லை. கலகெதரையிலிருந்து கல்யாணத்துக்கு எடுக்க வந்த ஓர் அம்மா ஒரு மஞ்சள் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அக்கா அதை அவர் கையிலிருந்து வாங்கி மடித்து உள்ளே வைத்துவிட்டார். "கண்ணாடி பொய் சொன்னாலும் நான் சொல்லமாட்டேங்க," என்றார். இதை இங்கே எழுதும்போது எனக்குக் குழப்பமாக இருக்கிறது. அப்படிப்பட்டவர் ஒரு பொய் சொன்னார். அதை நானும் சேர்ந்து காப்பாற்றினேன்.

இறுதிச் சடங்கு முடிந்த மூன்றாம் நாள் செல்வராஜ் அண்ணன், அக்காவின் கணவர், எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா கதிரையை இழுத்துப் போட்டும் உட்காரவில்லை.

"பாப்பா, நீ ரெண்டு எழுதணும். பதினாறுக்கு வாசிக்க ஒண்ணு. ஆஸ்பத்திரிக்கு ஒண்ணு, இங்கிலீசுல. மாசியில ஆப்பரேஷனுக்குக் குடுத்த தேதிய அவங்க தள்ளிப் போட்டாங்க. அதுலதான் அவ போனா. அந்த வார்டு நர்ஸ் மிஸ்ஸி பேரையும் போடணும். நான் விடமாட்டேன்."

"எழுதுவா அண்ணே, எழுதாம இருப்பாளா?" என்றார் அம்மா.

நான் தலையாட்டினேன். அவர் போனதும் அகராதியைத் திறந்து பார்த்தேன். ஆஸ்பத்திரி தேதியைத் தள்ளவில்லை. நம் தெருவில் இது தெரிந்த ஒரே ஆள் இப்போது நான்தான்.

எங்கள் வீட்டுக்கும் அண்ணன் வீட்டுக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். அந்தப் பக்கம் அவர் இருமும்போதெல்லாம் எழுதுவதை நிறுத்திவிடுகிறேன். பக்கத்துப் பாயில் அம்மா தூங்குகிறார். விழித்தால் பாடம் எழுதுவதாகச் சொல்ல பயோலஜி புத்தகத்தைத் திறந்து வைத்திருக்கிறேன்.

பாரூக் நானா வருஷா வருஷம் பாங்கொக்குக்குச் சாமான் எடுக்கப் போவார். அக்காவுக்கும் அவர்தான் துணி எடுத்து வருவார். இந்த மாசியில் அக்கா தானும் வருவதாகச் சொன்னார். கேட்டவர்களுக்கெல்லாம் ஆச்சரியம். "இங்கிலீசு தெரிஞ்ச ஒரு ஆள் வேணும்," என்று அம்மாவிடம் கேட்டு என்னையும் சேர்த்துக்கொண்டார். நான் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் சும்மா இருந்தேன். மூன்று நாள் மொத்தக் கடைகளில் நடந்தோம். நான்காம் நாள், ஒரு வழிகாட்டியோடு வேனில் போய் இரண்டு பழைய சந்தைகளைப் பார்த்து வரும் ஒரு நாள் பயணம் இருந்தது. நானாவும் அவர் மனைவியும் முன்பே பார்த்தவர்கள். அவர்கள் ஹோட்டலில் தங்கிவிட்டார்கள். எங்கள் ஊர் ஆட்களாக அக்காவும் நானும் மட்டும் போனோம்.

வழிகாட்டியின் பெயர் நொய். என் தோள் உயரம்தான் இருப்பார். தன் பெயருக்குத் தங்கள் மொழியில் 'சின்னது' என்று அர்த்தம் என்றார். நான் அதை அக்காவுக்குச் சொன்னேன்.

"நொய்யா? அரிசிக் குருணையா?" என்று அக்கா சிரித்தார். "சின்னதுன்னா சரிதான். இன்னைக்கு எனக்கு ரெண்டு ஸ்மோல்."

வேன் இருட்டோடு கிளம்பியது. அக்கா தூங்கிவிட்டார். நொய் மற்றவர்களுக்கு வணக்கம் சொல்லக் கற்றுக்கொடுத்தார். பெண்கள் சொன்னால் 'சவாதீ கா' என்று இழுத்து முடிக்க வேண்டுமாம். நான் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தேன். பிறகு ஒரு தாளைக் கொடுத்து, பெயரும் பாஸ்போர்ட் இலக்கமும் எழுதச் சொன்னார். அக்காவை எழுப்ப மனமில்லாமல் அவர் கைப்பையைத் திறந்தேன். பாஸ்போர்ட் இருந்த பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து ஓர் ஆஸ்பத்திரித் துண்டு மடியில் விழுந்தது. ஆங்கிலத்தில் இருந்தது. அக்காவின் பெயர், வார்டு இலக்கம், சத்திரசிகிச்சை, காலை எட்டு மணிக்கு வர வேண்டும், கீழே ஒரு கையெழுத்து. அதில் போட்டிருந்த திகதி அன்றைய திகதி.

மாதத்தைப் பிழையாகப் படித்துவிட்டேனோ என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன். பிழையில்லை. அக்காவுக்கு நெஞ்சில் ஒரு கட்டி இருப்பது எங்கள் வீட்டுக்குத் தெரியும். தேதி தள்ளிப் போய்விட்டதாக அவரே அம்மாவிடம் சொன்னார். நான் துண்டை மடித்துப் பழையபடி வைத்தேன். வெளிநாட்டில், ஓடுகிற வேனில், அதை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

முதல் சந்தை ஒரு ரயில் தண்டவாளத்தின் மேலேயே இருந்தது. கூடைகளைத் தண்டவாளத்தோடு ஒட்டி வைத்து, மேலே துணிப் பந்தல் கட்டியிருந்தார்கள். அக்கா குனிந்து குனிந்து பார்த்தார்.

"கங்குன் கீரை. ரம்பை இலை. நெத்தலிக் கருவாடு. இதுக்கா ஸ்மோல் பிளேன் ஏறி வந்தோம்? இது நம்ம ஊர்ச் சந்தை, பொலதானே!"

மணி அடித்தது. ஒரு நிமிஷத்தில் எல்லாப் பந்தல்களும் பின்னால் மடிந்தன. ரயில் கத்தரிக்காய்களின் மேல் உரசாத குறையாகப் போனது. அது போன கையோடு பந்தல்கள் திரும்ப விரிந்தன. "நம்ம மாத்தளை ரயில் வந்தா ஒருத்தன் குடையக்கூட மடக்கமாட்டான்," என்று அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அப்போதுதான் கீரை விற்ற பெண் அவரைப் பார்த்து, "சவாதீ கா!" என்றாள்.

அக்கா நின்றுவிட்டார். நம் தெருவில் எல்லோரும் அவசரத்தில் அவரைச் 'சாவித்திக்கா' என்றுதான் கூப்பிடுவோம். "ஸ்மோல், இந்தப் புள்ள என் பேரச் சொல்லுது!" அடுத்த கடைக்காரியும் சொன்னாள். அதற்கடுத்தவளும் சொன்னாள். அக்கா ஒவ்வொருத்திக்கும், "என்ன தங்கச்சி, நல்லாயிருக்கியா? யாவாரம் எப்படி?" என்று பதில் சொல்லிக்கொண்டே போனார். அவர்களும் கைகூப்பிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அது வெறும் வணக்கம் என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். அவ்வளவு சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டேன்.

இரண்டாவது சந்தை ஒரு வாய்க்கால். ஓலைத் தொப்பி போட்ட பெண்கள் வள்ளங்களில் பழமும் சாப்பாடும் விற்றார்கள். எங்களையும் ஒரு வள்ளத்தில் ஏற்றினார்கள்.

"நம்ம ஊர்ல இப்ப என்ன மணி?" என்று அக்கா கேட்டார்.

அங்கே ஒன்பதரை. "எட்டு, அக்கா."

அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை. எதிரே வந்த வள்ளம் ஒவ்வொன்றிலிருந்தும் "சவாதீ கா, சவாதீ கா" என்று குரல் வந்தது. ஒவ்வொரு குரலுக்கும் அவர் தோள் துடித்துத் திரும்பினார். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்:

"அங்க கூப்பிடுறது இங்க கேக்குது ஸ்மோல்."

"அக்கா, நான் துண்டப் பாத்துட்டேன்."

அவர் கோபப்படவில்லை. வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு பேசினார். "ஆப்பரேஷன் எங்கயும் ஓடாது. பிளேன் ஓடிரும்." என் மணிக்கட்டை விடாமலே சொன்னார்: "பயமா இருக்கு. கத்தி வைக்கிறதுக்கு முந்தி, முழு உடம்போட ஒரு தரம் எங்கயாச்சும் போகணும்னு தோணுச்சு. அண்ணன்கிட்ட ஆஸ்பத்திரியில தள்ளிட்டாங்கன்னு சொல்லிட்டேன். நான் போய் வேற தேதி வாங்கிருவேன். நீ யாருகிட்டயும் சொல்லக் கூடாது."

"சொல்லமாட்டேன்," என்றேன்.

துண்டை எடுத்து என் கையில் கொடுத்து, "தண்ணியில போட்ரு," என்றார். வாய்க்காலில் காகிதம் போடக் கூடாது என்று நொய் ஏற்கெனவே சொல்லியிருந்தார். அதனால் அதை என் பைக்குள் செருகினேன். வேறு காரணம் எதுவும் இல்லை. ஊருக்கு வந்தும் ஏன் கிழித்துப் போடாமல் அகராதிக்குள் வைத்தேன் என்று எனக்கே தெரியாது.

கரையில் ஒருத்தி சின்னக் குழிகளில் தேங்காய்ப்பால் அப்பம் சுட்டுக்கொண்டிருந்தாள். அக்கா ஆறு சாப்பிட்டார். "நம்ம பாலப்பம் போட்ட குட்டி," என்றார். வாய் நிறைய அப்பமும் கண் நிறையத் தண்ணீருமாக இருந்தார். அது சந்தோஷமா பயமா என்று அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. அப்போதுதான் அந்தச் சொல்லுக்கு வணக்கம் என்று அர்த்தம் எனச் சொன்னேன்.

"வணக்கமா?" என்று யோசித்தார். "இருக்கட்டும். எனக்கு அப்படிக் கேக்கல."

ஊருக்கு வந்து பத்து நாளில், சொன்னபடியே ஆஸ்பத்திரிக்குப் போனார். துணைக்கு என்னைத்தான் கூட்டிப் போனார். கடிதத்தில் பெயர் போட வேண்டும் என்று செல்வராஜ் அண்ணன் சொன்னாரே, அதே மிஸ்ஸிதான் அங்கே இருந்தார். அக்காவைப் பார்த்ததும் சிங்களத்தில் ஏசத் தொடங்கினார். அன்றைக்கு எங்கே போனாய், கட்டிலை வைத்துக்கொண்டு வார்டு வாசலில் நின்று எட்டுத் தரம் உன் பெயரைக் கூப்பிட்டேனே, என்றார்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தமிழில் சொன்னார்: "கேட்டுச்சு மிஸ்ஸி."

மிஸ்ஸிக்கு அது விளங்கவில்லை. ஏசிக்கொண்டே எழுந்து டொக்டரின் அறைக்கு இரண்டு தரம் போய் வந்து, சித்திரை கழிந்து ஒரு திகதி வாங்கிக் கொடுத்தார்.

அந்தத் திகதிக்கு அக்கா போனார். சத்திரசிகிச்சை நடந்தது. இரண்டு மாதம் கடையும் திறந்தார்; நீங்களும் பார்த்தீர்கள். அதற்குப் பிறகு உடம்பு முழுக்கப் பரவிவிட்டது என்றார்கள். மாசியில் போயிருந்தால் பிழைத்திருப்பாரா? பள்ளிக்கூடத்தில் பயோலஜி டீச்சரிடம், யாரோ ஒருவரைப் பற்றிப் போல, இரண்டு மூன்று மாதம் பிந்தினால் என்ன ஆகும் என்று கேட்டேன். "ஆளுக்கு ஆள் வித்தியாசம், சொல்ல ஏலாது," என்றார். ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு பதில் சொல்லியிருக்கக் கூடாதா என்று இருந்தது.

சாவதற்கு ஒரு வாரம் முன்பு அக்கா என்னைக் கட்டிலுக்குப் பக்கத்தில் கூப்பிட்டார். "துண்டு தண்ணியிலதானே ஸ்மோல்?" என்று கேட்டார்.

"ஆமாக்கா," என்றேன்.

"நல்லது," என்று கண்ணை மூடிக்கொண்டார். இது நான் சொன்ன பொய். அவர் சொன்னது ஒன்று, நான் சொன்னது ஒன்று.

காலை ஆறரைக்கு அண்ணன் வேலைக்குப் போகும்போது அந்த ஆங்கிலக் கடிதத்தை வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். நான்கு தாள் கிழித்துவிட்டேன். மிஸ்ஸியின் பெயர் வரும் இடத்தில் பேனா நின்றுவிடுகிறது. அன்றைக்கு அவர் செய்ததாக எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். எட்டுத் தரம் கூப்பிட்டார்.

சொன்னால் அண்ணன் தாங்குவாரா என்று தெரியாது. நீயும் சேர்ந்துதானே மறைத்தாய் என்று அம்மா கேட்பார். நீங்களும் கேட்பீர்கள். செத்துப்போனவருக்குக் கொடுத்த வாக்கை மீறலாமா என்றும் தெரியாது. ஆனால் அண்ணன் சொன்னதை எழுதினால், மூன்றாவதாக ஒரு பொய்யை நான் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். அது என்னால் முடியவில்லை. அதனால் கடிதத்துக்குப் பதில் இந்தத் தாள்களைத்தான் அவரிடம் கொடுக்கப் போகிறேன், துண்டையும் ஊசியால் குத்தி. இதைப் பதினாறில் வாசிப்பதா அடுப்பில் போடுவதா என்பதை அவர் முடிவு செய்யட்டும். வாசித்தால், அக்காவைப் பற்றிக் கோபப்படாதீர்கள். அவர் பயந்தார். நானும் இப்போது அப்படித்தான் பயந்துபோய் இருக்கிறேன்.

துண்டு இனி அண்ணனுடையது. எனக்கென்று இருப்பது ஒரு பழக்கம். கட்டுகஸ்தோட்டைப் பஸ் தரிப்பிடத்தில் யாராவது யாரையாவது "அக்கா" என்று கூப்பிட்டால், என்னை இல்லை என்று தெரிந்தும் வள்ளத்தில் அவர் திரும்பியது போல நான் திரும்பிப் பார்க்கிறேன். இது போகாது என்று நினைக்கிறேன். போகவும் வேண்டாம்.

பலகைக்கு அந்தப் பக்கம் லைட் எரிகிறது. அண்ணன் கேத்தலை அடுப்பில் வைக்கும் சத்தம் கேட்கிறது. அம்மா எழும்புவதற்கு முன் போய்க் கதவைத் தட்டுகிறேன்.