இரண்டு அரசாங்கக் கப்பலும் அடுக்கத்துச் சம்பந்தமும்

நான் வேலை பார்க்கும் எண்ணெய்க் கப்பல் கம்பெனி இரண்டு அரசாங்கங்களுக்குச் சொந்தம். பாதி நம் நாட்டு அரசாங்கத்துடையது, பாதி எண்ணெய் விற்கும் இன்னொரு நாட்டுடையது. கேப்டன் நம் ஆள் என்றால் சீஃப் எஞ்சினியர் அந்நாட்டுக்காரராக இருப்பார். சாப்பாட்டு மேசையில் நம் சோறும் இருக்கும், அவர்களுடைய தட்டை ரொட்டியும் இருக்கும். எங்கள் பொங்கலுக்கும் இனிப்பு, அவர்களுடைய வருடப் பிறப்புக்கும் இனிப்பு. எஞ்சின் ரூமில் எந்திரங்களுக்கு எண்ணெய் போட்டுப் பார்த்துக்கொள்ளும் ஆயிலராக இருக்கும் எனக்கு இதில் ஒரு குறையும் இல்லை. ஊரில்தான் சிக்கல்.

கொடைக்கானல் மேல்மலையில் பூண்டு போடுகிற குடும்பம் எங்களுடையது. அதில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். கப்பல் வேலை கிடைத்ததைச் சொன்னபோது அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"கவருமெண்டு வேலையாடா?"

"ரெண்டு கவருமெண்ட் சேந்து நடத்துறதுப்பா."

அவ்வளவுதான். அன்றிலிருந்து டீக்கடையில், பஸ்ஸில், பூண்டு மண்டியில் எல்லாம் எனக்கு ரெட்டைக் கவருமெண்ட் உத்தியோகம். கம்பெனிதான் அரசாங்கத்துடையது, எனக்கு ஆறு மாத ஒப்பந்தம்தான், ஒவ்வொரு முறையும் புதிதாகக் கையெழுத்துப் போட வேண்டும் என்று எத்தனையோ தரம் சொன்னேன். அந்தப் பாதி மட்டும் அவர் காதில் ஏறவே இல்லை.

இந்தச் சமயத்தில்தான் மலையில் கீழே இருக்கும் அடுக்கம் கிராமத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பெண் பட்டப்படிப்பு முடித்து, வட்டக்கானலில் ஒரு சுற்றுலா விடுதியின் வரவேற்பில் வேலை பார்த்தாள். போட்டோவைப் பார்த்ததும் எனக்குப் பிடித்துவிட்டது, மறைப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் அவள் அப்பா அரசாங்க வேலைக்காரனுக்குத்தான் கொடுப்பேன் என்று பிடிவாதமாக இருந்தார். பெண் பார்க்க ஜீப்பில் போகும்போதே அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவுக என்ன கேட்டாலும் அப்பா பேசுவாரு. நீ பஜ்ஜிய மட்டும் தின்னு."

அவர்கள் வீட்டு முற்றம் முழுக்கக் காப்பிக்கொட்டை காய்ந்துகொண்டிருந்தது. ஓரமாக நடந்து உள்ளே போனோம். காப்பி வந்தது, பஜ்ஜி வந்தது, பெண்ணும் வந்து வணக்கம் சொல்லிவிட்டுக் கதவோரம் நின்றாள். அவள் அப்பா நேராக விஷயத்துக்கு வந்தார்.

"தம்பி, பென்ஷன எந்த அரசாங்கம் குடுக்கும்? இங்கயா, அங்கயா?"

"ரெண்டும் குடுக்கும்ணே" என்றார் அப்பா, கொஞ்சமும் தயங்காமல்.

பஜ்ஜியைத் தட்டில் வைத்தேன். "பென்ஷனே கெடையாதுங்க. நான் காண்ட்ராக்டு. ஆறு மாசம் கப்பல்ல ஓடுவேன், எறங்குவேன். லீவு முடிஞ்சா மறுபடி கூப்புடுவாங்க."

"கூப்புடலேன்னா?"

"வேற கப்பல் பாக்கணுங்க."

அம்மா என் தொடையில் கிள்ளினாள். அப்பா கூரையைப் பார்த்தார். அவள் அப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். சம்பந்தம் போய்விட்டது என்று நினைத்தேன். அப்போது கதவோரமிருந்து குரல் வந்தது.

"ரெண்டு நாட்டுக்கும் சண்ட வந்தா ஒங்களுக்குச் சம்பளம் யாரு போடுவா?"

"சும்மா இருடி" என்றார் அவள் அம்மா.

"சரியான கேள்விதாங்க" என்றேன். "ஒரு தடவ அந்த நாட்டு மேல மத்த நாடுகள் தடை போட்டுட்டாங்க. பேங்குல பணம் நின்னுபோச்சு. கப்பல் துறைமுகத்துக்கு வெளிய நங்கூரம் போட்டு சும்மா கெடந்துச்சு. சோத்துக்குக் கொறவில்ல. சம்பளம் மட்டும் லேட்டாத்தான் வந்துச்சு. ஆனா முழுசா வந்துச்சு."

"அதுக்குப் பொறவும் கம்பெனியப் பிரிக்கலையா?" அவள் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இல்லைங்க. அவுகளுக்கு எண்ணெய விக்கணும். நமக்கு வாங்கணும்."

அவர் சிரித்துவிட்டார். "எனக்கும் எங்க அண்ணனுக்கும் ஓடையில பொது மோட்டரு. ரெண்டு பேருக்கும் பாதி நாளு பேச்சுவார்த்த கெடையாது. மோட்டரு மட்டும் நின்னதே இல்ல. நின்னா ரெண்டு பேரு வாழையும் காஞ்சிரும்ல?" பிறகு அப்பா பக்கம் திரும்பினார். "பொண்ணு கேட்டு வந்த எடத்துல, என் வேலை நெரந்தரம் இல்லேன்னு சொல்ற ஆள இப்பத்தாண்ணே பாக்குறேன்."

"படிக்க வச்சேன்ல, எனக்கு வேணும்" என்றார் அப்பா.

அவள் அப்பா மகளைக் கேட்டார். "நீ என்ன சொல்ற?"

"நான் வேலைய விடமாட்டேன். கல்யாணத்துக்கு அப்பறமும் வட்டக்கானல்லதான் இருப்பேன்."

"விடவே வேண்டாம்" என்றேன். "ஒரு சம்பளமாவது மாசாமாசம் வந்தாத்தான நல்லது."

எல்லோரும் சிரித்தார்கள், அவளும்தான். "அப்ப பூண்டு காட்டுக்கு நான் ஒருத்திதானா?" என்று அம்மா கேட்டாள். கோபமில்லாத குரல்.

"சரி, நாளப் பாப்போம்" என்றார் அவள் அப்பா. அங்கே புதுச் சிக்கல். சித்திரை, வைகாசியில் கொடைக்கானலில் சீசன். விடுதியில் அவளுக்கு லீவு தரமாட்டார்கள். ஆடியில் கல்யாணம் வைப்பதில்லை. ஆவணிக்கு நான் கப்பலில் இருப்பேன். மிஞ்சியது ஆனிதான். "ஜோசியருக்குச் சோலியே வைக்கல" என்றார் அப்பா.

ஆனியில் கல்யாணம் நடந்தது. வட்டக்கானலில் சின்னதாக ஒரு வாடகை வீடு பார்த்தோம். அவள் வெள்ளனே வேலைக்குப் போவாள். நான் சமைத்து, மழையில் குடை பிடித்துக்கொண்டு மதியச் சோற்றைக் கொண்டுபோய் விடுதியில் கொடுப்பேன். "இன்னிக்கும் உப்புக் கூட" என்பாள். சொல்லிவிட்டு மிச்சமில்லாமல் சாப்பிடுவாள். ஆவணியில் கம்பெனியிலிருந்து அழைப்பு வரும்வரைக்கும் எனக்கு அதுதான் வேலை.