உசிலம்பட்டி கவரும் ஒரு மெயில் போனும்

மாவட்ட நிருபருக்குச் செய்தி சேகரிப்பது பாதி வேலைதான். அதை ஆபீசில் கொண்டு சேர்ப்பது மீதிப் பாதி, என்னைப் போன்றவர்களின் ஆயுசு போவது அந்த மீதியில்தான்.

எங்கள் மதுரைப் பதிப்புக்கு அப்போது வெளியூர்ச் செய்திகள் பஸ்ஸில்தான் வரும். எழுதிய தாள்களையும் போட்டோவையும் கவரில் போட்டு ஒட்டிக் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவோம். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் செல்வராஜ் நின்று வாங்கி, சைக்கிளில் ஆபீசுக்குக் கொண்டுபோவார். முன்பு அச்சு இயந்திரப் பிரிவில் இருந்தவர். வலது கையில் மூன்று விரல்களை இயந்திரத்துக்குக் கொடுத்த பிறகு, நிர்வாகம் பார்த்துப் போட்ட வேலை இது.

ஒருநாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு ஒரு போனைக் கொடுத்தார். பாதித் திரை, பாதி எழுத்துப் பொத்தான்கள், ஒவ்வொன்றும் உளுந்து அளவு. நின்ற இடத்திலிருந்தே மெயில் அனுப்பலாமாம். ஒரு மாதம் வைத்துப் பார்த்து அறிக்கை தரவேண்டும். சரிப்பட்டால் எல்லா நிருபர்களுக்கும் போன், கவர் கிடையாது. அப்படியானால் செல்வராஜ் என்ன செய்வார் என்று கேட்டேன். "அதை மனசுல வச்சுக்கிட்டு எழுதாதீங்க சார்" என்றார்.

கேத வீட்டில்

எழுமலைப் பக்கம் ஒரு கிராமம். கிணற்றில் தூர் வாரும்போது மண் சரிந்து ஒருவர் இறந்துவிட்டார். இப்படிப்பட்ட கேத வீடுகளில் நோட்டை எடுத்தால் போதும். பெயர், வயது, பிள்ளைகள் எத்தனை என்று வீட்டாரே சொல்லத் தொடங்குவார்கள். பெயரைச் சரியாக எழுதினோமா என்று எட்டிக்கூடப் பார்ப்பார்கள். அன்று நான் பந்தலில் உட்கார்ந்து இரண்டு கட்டைவிரல்களாலும் போனைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

பந்தலில் பேச்சு நின்றுபோனது. இறந்தவரின் மைத்துனர் எழுந்து வந்தார். கோபமாக வந்திருந்தால் சமாளித்திருப்பேன். மெதுவாகத்தான் சொன்னார்: "நோட்டுல எழுதுனா எங்க மச்சான் பேரை எழுதுறீகன்னு தெரியும். இதுல என்ன செய்றீகன்னு எங்களுக்கு என்ன தெரியும்? வெளிய நின்னு வெளையாடிட்டு வாங்க சார்."

ரோஸ்லின் முணுமுணுத்தது

அந்தப் போனில் தமிழ் கிடையாது. ஆங்கில எழுத்துகளில் தமிழை அடித்து அனுப்புவேன். ஆபீசில் அதை மறுபடி தமிழில் அடிக்கும் பாவம் உதவி ஆசிரியர் ரோஸ்லினுடையது. கண்ணால் படித்தால் பிடிபடாது, வாய்விட்டு வாசித்தால்தான் புரியும். தீவனமில்லாமல் சந்தைக்குப் போகும் மாடுகள், லாரியில் அடிபட்டவர், கிணற்றில் புதைந்தவர் எல்லோரையும் கண்ணை இடுக்கிக்கொண்டு முணுமுணுத்தபடி இருப்பார்.

இரண்டாவது வாரம் என்னிடம் வந்தார். "புதுசா வந்த புரூஃப் ரீடர் நான் ஜெபம் பண்றேன்னு நெனச்சு, முடியிற வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறார் சார். நீங்க அனுப்புறதைப் பார்த்தா ஜெபமே பண்ணலாம்னுதான் எனக்கும் தோணுது."

ஒரே பஸ்

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஒரே செய்தியை இரண்டு வழியிலும் அனுப்பிவந்தேன். உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டில் சிக்னல் கிடைக்கும். கிராமத்துப் பக்கம் போனால் நம் அதிர்ஷ்டம். ஒருநாள் கிராமத்துச் சாலை பிரியும் ஒரு விலக்கில் மதுரை பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்திக் கவரைக் கொடுத்தேன். போனில் மெயில் போகாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. சரியென்று நானும் அதே பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

உசிலம்பட்டியில் பஸ் ஸ்டாண்டுக்குள் நுழையாமல், மெயில் போவதற்குள் பஸ் வெளியிலேயே தாண்டிப் போய்விட்டது. செக்கானூரணியிலும் மெயில் அசையவில்லை. நாகமலைக்கு வந்த பிறகு ஒருவழியாகப் போனது. அப்போது கவர் எனக்கு முன்னால், டிரைவர் பக்கத்தில் கிடந்தது. அறிக்கைக்கு இது போதும், செல்வராஜ் தப்பித்தார் என்று நினைத்தேன். என்னையும் போனையும் வழிநெடுகப் பார்த்துக்கொண்டே வந்த கண்டக்டர் இறங்கும்போது சொன்னார்: "அண்ணே, நாளையிலேர்ந்து அந்தப் போனையும் கவருக்குள்ள போட்டு விட்ருங்க. ரெண்டும் சேந்தே போயிரும்."

அறிக்கை

மாதக் கடைசியில், ஒரு விபத்துச் செய்திக்காக உசிலம்பட்டி ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருந்தபோது மேனேஜர் கூப்பிட்டார். நாலு மணிக்குக் கூட்டமாம். அதற்குள் அறிக்கை எழுத்தில் வராவிட்டால், அது இல்லாமலே முடிவெடுத்துவிடுவார்களாம். அப்போது மணி மூன்று. அறிக்கை நோட்டில் தயாராகத்தான் இருந்தது. கவரில் விட்டால் அவர் கைக்குப் போக ஐந்தாகும். ஊரில் கரண்ட் இல்லை. ஃபேக்ஸ் கடையும் நெட் சென்டரும் இருண்டு கிடந்தன. மிச்சமிருந்தது அந்தப் போன் ஒன்றுதான்.

பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துபோய், நின்றபடியே அதில் தட்டினேன். கிராமங்களில் சிக்னல் இல்லை, தமிழ் இல்லை, படம் அனுப்ப வழியில்லை, ஆகவே கவர் தொடரவேண்டும் என்று முடித்து அனுப்பினேன். கூட்டம் முடிந்ததும் மேனேஜர் பேசினார். "நீங்க சொன்ன குறையெல்லாம் படிச்சோம். படத்துக்கு நெட் சென்டர் இருக்கு. மூணு மணிக்குக் கேட்டோம், மூணு பன்னெண்டுக்கு வந்துருச்சு, அதுவும் கரண்ட் இல்லாத ஊர்லேர்ந்து. இதுக்கு மேல என்ன சார் வேணும்?"

ஆரப்பாளையம்

அடுத்த மாதத்திலிருந்து கவர் நின்றது. செல்வராஜின் கைக்குத் தோதான வேலை வேறு எந்தப் பிரிவிலும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கவரின் கடைசி நாள், அதை அடுத்த பஸ்ஸில் விடச் சொல்லிவிட்டு நான் முன்னதாகவே ஆரப்பாளையத்துக்குப் போய், நடந்ததை நானே அவரிடம் சொன்னேன். அடுத்தவர் வாயால் அவர் கேட்கக் கூடாது என்று நினைத்தேன்.

"அதை ஏண்ணே போன்ல அனுப்புனீங்க? கவர்ல விட்டிருந்தா நான் கொண்டாந்துருப்பேன்ல" என்றார்.

"அஞ்சு மணி ஆயிருக்கும்யா. அதுக்குள்ள கூட்டமே முடிஞ்சிருக்கும்."

உசிலம்பட்டி பஸ் உள்ளே வந்தது. எழுந்து போய், இடது கையை ஜன்னலுக்கு நீட்டிக் கவரை வாங்கிச் சட்டைக்குள் செருகிக்கொண்டார். திரும்பி வந்து சைக்கிள் ஸ்டாண்டைத் தள்ளிவிட்டுச் சொன்னார்: "அவசரம்னு வந்ததும் நீங்களே கவரை நம்பலையேண்ணே."

எத்தனையோ பேருக்காக எழுதி எதுவுமே நடக்காமல் போன என் தொழிலில், எழுதிய ஒரு மணி நேரத்தில் பலன் கிடைத்தது அந்த ஒரு முறைதான்.